கையெழுத்துக்காரர் ஏழு

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சானுக்கு,

உன் அத்தான் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் உன் மருமகளும் இங்கே நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் அங்கே அதைவிட ஒரு படி கூடுதலாக நலமாக இருக்க வேண்டும். முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள். ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. சில எழுத்துகள் பக்கத்து எழுத்தின் தோளில் சாய்ந்து தூங்குகின்றன. ஆயுள் முழுக்கக் கொத்தனாராக இருந்து நூல் பிடித்துச் சுவர் எழுப்பியவனுக்கு ஒரு வரியை நேராக எழுத வரவில்லையே என்று நீ சிரிப்பாய். சிரி. சுவரின் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்து எழுதினால் நேராகத்தான் வரும். ஆனால் நான் ரசமட்டம் வைத்து எழுதக்கூடாது என்று வீட்டில் தடை போட்டிருக்கிறார்கள். ஏன் தடை என்பது கீழே வரும். நான் ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் டீ ஆறி, அதைச் சுடவைத்து, அதுவும் ஆறிவிடுகிறது. இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை தொடங்கினேன். இன்று என்ன கிழமை என்று சொல்ல மாட்டேன்.

உன் மருமகளின் பரீட்சை எப்படி முடிந்தது என்று நீ போனில் கேட்டபோது, உன் அக்கா சொல்ல வாயைத் திறந்தாள். நான்தான் போனைப் பிடுங்கினேன். எனக்கு எழுத்து வந்த பிறகு எங்கள் வீட்டில் நடந்த முதல் பெரிய சங்கதி இது. இதைப் போய் வாயால் சொல்லித் தீர்ப்பதா? ஆகவே நிதானமாகப் படி. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்காதே. நீ செய்யக்கூடியவன்.

போன முறை வந்தபோது நீ கேட்டதை நான் மறக்கவில்லை. "ஏன் அத்தான், இவ படிக்கிற காலேஜ் எங்கதான் இருக்கு?" என்றாய். நான் சாப்பாட்டு மேசையைக் காட்டினேன். "கட்டடமே இல்லாத காலேஜ்ல வாங்குற பட்டத்தை எந்தச் சுவத்துல மாட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது உறுத்தலாகத்தான் இருந்தது. நான் பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்ததே குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டத்தான். அங்கே இருந்த நூலகத்தில் ஒவ்வொரு தூணையும் இரண்டு பேர் கைகோத்துத்தான் கட்டிப்பிடிக்க முடியும். இவளோ அந்த மாதிரி நூலகங்களை எல்லாம் மடிக்கணினிக்குள் வரவழைத்துக்கொண்டு, ஒரு கையில் தட்டும் ஒரு கையில் விசைப்பலகையுமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு செங்கல்கூடச் செலவாகாமல் ஒரு படிப்பு நடக்கிறது என்றால் எங்கள் தொழில் என்னாவது என்று கவலைப்பட்டேன். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் நம் மொழிக்காரர்தான், ஆனால் கடல் தாண்டி இருக்கிறார். நமக்கு மத்தியானம் என்றால் அவருக்கு அப்போதுதான் விடிகிறது. இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது. அவர் பாடம் சொல்லும்போது ஒரு பூனை திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும். ஒவ்வொரு முறையும் அவர், "மன்னிச்சுக்கம்மா, என் மூத்த மாணவர்" என்பார். நாங்கள் அவரைப் பூனைப் பேராசிரியர் என்றே அழைக்கிறோம்.

அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று எனக்கு விளங்கியதே எனக்கு எழுத்து வந்த பிறகுதான். முழங்கால் மக்கர் பண்ணி, சாரத்தில் ஏற முடியாமல் வேலையை விட்டேன் அல்லவா? வீட்டில் சும்மா இருந்தால் உன் அக்காவின் வாயில் விழ வேண்டும் என்று, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். வாத்தியார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். டிக்கெட் கொடுப்பதுபோல ஆளுக்கு ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து, "எழுதுங்க, எழுதிக்கிட்டே உள்ள தள்ளிப் போங்க" என்பார். நான் எழுதிக் கொண்டுவந்த தாள்களை ஒரு நாள் உன் மருமகள் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "அப்பா, இது பொக்கிஷம்ப்பா! இதுல ஒரு எழுத்தைக்கூட என் மெஷினால படிக்க முடியாது!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். இப்படி ஒரு பாராட்டு உனக்கு எப்போதாவது கிடைத்திருக்கிறதா?

பிறகு உட்காரவைத்து விளக்கினாள். "ஆவண அறைகள்ல கட்டுக் கட்டா காகிதம் கிடக்குதுப்பா. வீடு கேட்டு, தண்ணி கேட்டு, வேலை கேட்டு ஜனங்க தங்களோட கையால எழுதின மனு. அழகா எழுதினவங்க மனுவை எல்லாம் கம்ப்யூட்டர் படிச்சுடுது. ஆராய்ச்சி பண்றவங்க இருந்த இடத்துலேயே தேடி எடுத்துடுறாங்க. கோணலா எழுதினவங்க சொன்னது மட்டும் அப்படியே கிடக்கு. அதையும் படிக்க ஒரு மெஷினைப் பழக்குறதுதான் என் வேலை." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோணலாக எழுதியவனுக்கும் தண்ணீர் தாகம் உண்டுதானே? அன்றே சொல்லிவிட்டேன், எத்தனை தாள் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் என்று.

எங்கள் மாலை வகுப்பே வரிசையில் நின்று கையெழுத்துக் கொடுத்தது. யார் பெயரையும் ஆராய்ச்சியில் போடக்கூடாதாம், விதியாம். வரிசையில் ஏழாவதாக நின்றதால் நான் "கையெழுத்துக்காரர் ஏழு" ஆனேன். பெற்ற அப்பனை ஒரு எண்ணாக்கிவிட்டாளே என்று முதலில் வருத்தம்தான். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு தாளோடு ஒதுங்கிக்கொண்டார்கள். நான் மட்டும் தினமும் எழுதினேன். மேசை மேல் ஒரு கம்பத்தில் போனைக் குப்புறக் கட்டி வைத்திருந்தாள். தாளை அடியில் வைத்துப் பொத்தானை அமுக்கினால் அது படம் பிடித்து நேராகக் கணினிக்கு அனுப்பிவிடும். கணினி படித்துப் பார்த்து, எவ்வளவு சரியாகப் படித்தோம் என்று ஒரு கோட்டை வரையும். அந்தக் கோடு மேலே ஏறினால் மெஷின் பழகுகிறது என்று அர்த்தம். உன் மருமகள் கோட்டைப் பார்ப்பாள். பூனைப் பேராசிரியரும் அங்கிருந்தபடி கோட்டைப் பார்ப்பார். தாளை யாரும் பார்க்கவில்லை. மச்சான், இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திப் படி.

ஆரம்பத்தில் அந்தக் கோடு தரையிலேயே கிடந்தது. நான் வைத்த தாளுக்கெல்லாம் திரையில் கேள்விக்குறியும் கட்டமுமாக வந்தது. அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்ப்பாள். நான் எழுதுகிற எழுத்தால் பிள்ளை பரீட்சையில் தோற்றுவிடுவாளோ? காது கேட்காதவரிடம் நாம் நிறுத்தி நிதானமாகப் பேசுவதில்லையா? அதுபோல இந்தப் பச்சைப்பிள்ளை மெஷினுக்கும் நாம்தானே அனுசரித்துப் போக வேண்டும்? பெட்டியைத் திறந்து என் ரசமட்டத்தை எடுத்தேன். அதை வைத்துக் கோடு போட்டு, கண்டக்டர் கொடுத்த அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செங்கல் மேல் செங்கல் வைப்பதுபோல ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். நாள் ஆக ஆகக் கை பழகியது. கோடு நிமிர்ந்தது, நடந்தது, படி ஏறியது. கடைசியில் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது! உன் மருமகள் துள்ளிக் குதித்தாள். பூனைப் பேராசிரியர் பூனையைத் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றினார். "மிகக் கடினமான கையெழுத்தையும் மெஷின் பழகிவிட்டது" என்று ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயத்தை முழுக்க என் தாள்களை வைத்தே எழுதி முடித்தாள். நான் ரசமட்டத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவில்லை மச்சான். அப்பா மகளுக்குச் செய்ததை ஊரைக் கூட்டிச் சொல்வார்களா என்ன?

பரீட்சை நாள் வந்தது. வருஷக்கணக்காக எழுதியதை வைத்துக்கொண்டு பெரியவர்கள் கேள்வி கேட்பார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால் டாக்டர், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. ஒரு கல்லூரியில் இவளுக்காக ஒரு வேலையைத் திறந்தே வைத்திருந்தார்கள், பட்டம் வந்தால் உடனே வா என்று. அதனால் உன் அக்கா முதல் நாளே சுவரைத் துடைத்து, அலமாரியை நகர்த்தி, மகளின் முதுகுக்குப் பின்னால் பல்கலைக்கழகம் மாதிரி ஒரு மூலையை உண்டாக்கினாள். பக்கத்து வீட்டில் மாடி கட்டுகிறார்கள், டைல்ஸ் அறுக்கும் மெஷின் காதைக் கிழிக்கும். நான் போய், "தம்பிகளா, என் பொண்ணு இன்னைக்கு டாக்டர் ஆகப்போறா. கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்துங்கப்பா" என்று கேட்டேன். நம் தொழில்காரர்கள், உடனே நிறுத்தினார்கள். அதோடு விட்டார்களா? "பெரியவரே, நாங்களும் பாக்கலாமா?" என்றார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதுதான் முறை, இணைப்பு இருந்தால் போதும் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். ஆக மணல் குவியல் மேல் ஒரு போனைச் சுற்றி அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் இந்தப் பரீட்சை எல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும். நாம் சிமெண்ட் சட்டியோடு அந்தப் பக்கம் போனால் விரட்டுவார்கள். இன்றைக்கு அதே சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து பார்க்கிறார்கள். இதைப் பார்த்தபோதே கட்டடம் இல்லாத காலேஜ் மேல் எனக்கிருந்த கோபம் பாதி போய்விட்டது.

திரையில் பெரியவர்கள் வந்தார்கள். பூனைப் பேராசிரியர். அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா, "மைக்கை அணைச்சு வையுங்க, மைக்கை அணைச்சு வையுங்க" என்று ஜெபம்போலச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் அலுவலகத்தில் இணையம் தடுமாறியதால், எல்லாரையும் இணைப்பதையும் நடப்பதைப் பதிவு செய்வதையும் எங்கள் கணினியிலேயே செய்யச் சொல்லிவிட்டார்கள். பிறகு கேள்வி கேட்பவர். அவர் மடிக்கணினியை எப்படி வைத்திருந்தாரோ, அவருடைய நெற்றியும் ஒரு மின்விசிறியும்தான் தெரிந்தன. நானும் உன் அக்காவும் பக்கத்து அறையில் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நெத்தியைப் பாரு, மூணு கோடு. ரொம்பக் கண்டிப்பான ஆளு" என்றாள் உன் அக்கா.

"ரொம்பப் படிச்சா அப்படித்தான் விழும்" என்றேன்.

"நீங்க எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீங்களே, உங்களுக்கு ஒண்ணுமே விழலையே" என்றாள். பதில் சொல்ல நேரமில்லை.

உன் மருமகள் பேசினாள் பார், மச்சான்! எனக்குப் பாதி விளங்கவில்லை, ஆனால் திக்கவில்லை, திணறவில்லை. நெற்றி ஐயா ஒவ்வொரு அத்தியாயமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசி அத்தியாயம் வந்ததும் நெற்றியில் நான்காவதாக ஒரு கோடு விழுந்தது.

"இந்தக் கையெழுத்துக்காரர் ஏழு. மத்தவங்களைப் படிக்க உங்க மெஷின் அங்கங்க தடுமாறுது. இவர்கிட்ட மட்டும் எப்படிம்மா இவ்வளவு தேறுச்சு?"

"தொடர்ந்து எழுதிக் கொடுத்தாரு ஐயா. அதனால மெஷின் அவர் கைக்குப் பழகிடுச்சு."

"மெஷின் பழகுச்சா, இல்ல அவரு பழகிட்டாரா? அந்தத் தாளையெல்லாம் நீங்க ஒரு தடவை எடுத்துப் பார்த்தீங்களா?"

என் பிள்ளை பதில் தெரியாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரியாவிட்டால் என்ன, எனக்குத் தெரியுமே! உன் அக்கா சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்து, அடுத்த அறைக்குள் நுழைந்து, கணினியின் அந்தச் சின்னக் கேமராக் கண்ணாடிக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"வணக்கம் ஐயா. நான்தான் அந்த ஏழு. இவளோட அப்பா. மெஷினுக்கு ஒண்ணும் புரியாம கஷ்டப்பட்டுச்சு. அதான் ரசமட்டம் வெச்சு, பாத்துப் பாத்து, என் பொண்ணுக்காக அழகா எழுதிக் குடுத்தேன்!"

பெருமையாகத்தான் சொன்னேன். சபாஷ் என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பூனைப் பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். அலுவலக அம்மா முதல்முறையாக மைக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உன் மருமகள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சின்னக் குரலில், "அப்பா..." என்றாள். நான் ஏதோ உடைத்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதறிப் பின்வாங்கினேனா, கால் வயரில் மாட்டி, இணையப் பெட்டியும், பேட்டரி செத்து வயரிலேயே ஓடிக்கொண்டிருந்த கணினியும் ஒன்றாக அணைந்தன. திரை கருத்துப்போனது.

அந்தக் கொஞ்ச நேரம் வீடு இருந்த இருப்பை நான் எழுத மாட்டேன். எழுத வருகிறது என்பதற்காக எல்லாவற்றையும் எழுதிவிட முடியாது. உன் அக்காதான் முதலில் பேசினாள். "அழுறதுன்னா சாயங்காலம் அழலாம். வயரை மாட்டு." மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டினாள். மறுபடி எல்லாரும் வந்தார்கள். நெற்றியும் வந்தது.

உன் மருமகளே முந்திக்கொண்டாள். "ஐயா, நான் கோட்டை மட்டும்தான் பார்த்தேன். தாளைப் பார்க்கலை. பார்த்திருக்கணும். கடைசி அத்தியாயத்துல நான் சொன்னது நிக்காது. ஆனா அப்பாவோட பழைய கோணல் தாளும் மத்தவங்க தாளும் வெச்சுப் பழகியிருக்கு, மெஷின் படிக்கும் ஐயா. அதை என்னால காட்ட முடியும்."

"எதை வெச்சு?"

"நீங்க சொல்றதை வெச்சு."

நெற்றி திரைக்கு இன்னும் கிட்டே வந்து விசிறியை மறைத்தது. பிறகு, "சரி. இங்க இருக்கிற எல்லாரும் ஒரு தாள் எடுங்க. ஒரு வரி எழுதுங்க. யாரும் அழகா எழுதக்கூடாது. வேகமா. நானும் எழுதுறேன்" என்றார்.

அப்போது பார்க்க வேண்டும், மச்சான்! அத்தனை படித்தவர்கள், ஒருவரிடமும் பேனாவும் தாளும் சேர்ந்தாற்போல இல்லை! பூனைப் பேராசிரியர் அலமாரி அலமாரியாகத் தேடி, பேரப்பிள்ளையின் வண்ணக் குச்சி ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். அலுவலக அம்மாவிடம் பேனா இருந்தது, எழுத இடமுள்ள தாள் இல்லை. பக்கத்து வீட்டுக் கொத்தனார் தம்பிகள் தாளுக்கு எங்கே போவார்கள்? உடைந்த டைல்ஸ் ஒன்றின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினார்கள். திரையில் மெஷின் அதைப் படித்துப் போட்டது: "மெஷினை எப்ப ஓட்டலாம்." ஒரு எழுத்துப் பிசகவில்லை. அடுத்தது உன் அக்காவின் துண்டுத் தாள்: "இவர் இனிமேல் வாயைத் திறக்கக் கூடாது." அதையும் படித்துத் தொலைத்தது, இத்தனை பேர் முன்னால். வண்ணக் குச்சியால் எழுதியதை மட்டும் மெஷினால் படிக்க முடியவில்லை. நான்கு கட்டமும் ஒரு கேள்விக்குறியும் போட்டது. உன் மருமகள் மழுப்பவில்லை. "இதைப் படிக்கலை ஐயா. இவ்வளவு தடிமனான கோட்டை இது பார்த்ததில்லை. இதுவும் அத்தியாயத்துல வரும்" என்றாள். நெற்றியில் ஒரு கோடு குறைந்ததை நானே கண்டேன்.

"பெரியவரே, இப்ப நீங்க" என்றார். "ரசமட்டம் வேண்டாம். மனசுல வந்ததை வந்தபடி எழுதுங்க."

எழுதினேன். எனக்கே அது எறும்பு மையில் விழுந்து எழுந்து ஓடியதுபோல இருந்தது. மகள் தாளை வாங்கிக் கண்ணாடிக்கு முன் பிடித்தாள். மெஷின் யோசித்தது. முதல் சொல் வந்தது: "என்." அடுத்து, "மகள்." அடுத்து, "பொய்." அங்கே நின்றுவிட்டது, மச்சான்! ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால், என் மகள் பொய், என்று என் கையெழுத்தாலேயே போட்டு வைத்துவிட்டு அந்த மெஷின் மூச்சு வாங்குகிறது. உன் அக்கா என் கையைக் கிள்ளியது இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. பிறகு "சொல்ல" என்று வந்தது. பிறகுதான், பிள்ளை தயங்கித் தயங்கிக் காலெடுத்து வைப்பதுபோல, "வில்லை" என்று வந்து உட்கார்ந்தது. என் மகள் பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து எழுந்த கைதட்டல் போன் வழியாகவும் வந்தது, சுவர் வழியாகவும் வந்தது.

கடைசியாக நெற்றி ஐயா, எங்கிருந்தோ தேடிப் பிடித்த பேனாவால் எழுதிய தன் தாளைக் காட்டினார். "இதை என் சம்சாரத்தாலயே படிக்க முடியாது" என்று எச்சரித்துவிட்டுத்தான் காட்டினார். மெஷின் சட்டென்று போட்டது: "எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை." எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். சிரித்த அதிர்வில் அவர் மடிக்கணினி சாய்ந்து, மூக்கும் மீசையும் வாயும் வரிசையாக இறங்கி வந்து ஒரு முழு மனிதர் தெரிந்தார். நல்ல முகம், மச்சான். அந்த முகத்துக்கு இவ்வளவு கண்டிப்பு ஆகாது.

"சந்தேகம் தீரலைதான்" என்றார் அவர். "ஆனா இப்ப இருக்கிற சந்தேகம் வேற. மெஷின் படிக்கும், ஒத்துக்கிறேன். மெஷின் நம்மளப் படிக்கப் படிக்க நாம அதுக்கு ஏத்த மாதிரி மாறிடுறோமே, அதை யாரும் இதுவரை கேக்கலை. உங்க அப்பா அதை ரசமட்டத்தோட செஞ்சு காட்டிட்டாரு. அதை எழுதும்மா."

பிறகு, தாங்கள் கலந்துபேச வேண்டும் என்று சொல்லி எங்களைத் திரைக்கு வெளியே ஒரு காத்திருப்பு அறையில் வைத்தார்கள். அறை என்றால் அறை இல்லை, "காத்திருக்கவும்" என்ற எழுத்துதான். நானே படித்தேன். உன் அக்காவுக்கு வந்ததே கோபம். "நம்ம வீட்டுலேயே நம்மள வெளிய நிக்க வைக்கிறாங்களா?" என்றாள். திரும்பி உள்ளே விட்டபோது அலுவலக அம்மா ஒரு வாக்கியம் படித்தார். கடைசி அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு உன் மருமகளுக்கு டாக்டர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறார்களாம். உன் மருமகள் டாக்டர், மச்சான்! நான் டாக்டரின் அப்பா, நீ டாக்டரின் தாய்மாமன். கல்லூரியிலும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எந்தச் சுவரில் மாட்டுவீர்கள் என்று கேட்டாயே, ஆணி அடிக்க இடம் பார்த்தாகிவிட்டது. நீ வந்து பார்த்துக்கொள்.

இப்போது வீட்டில் புது ஏற்பாடு. மகள் தினமும் என் தாள்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தன் கண்ணாலேயே பார்க்கிறாள், அதற்குப் பிறகுதான் கோட்டைப் பார்க்கிறாள். என் எழுத்து கொஞ்சம் அழகாக வந்துவிட்டால், "அப்பா, என்னது இது? மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று திட்டுகிறாள். ரசமட்டம் உன் அக்காவின் பொறுப்பில், பூட்டிய பெட்டியில் இருக்கிறது. ஆவண அறையிலிருந்து முதல் கட்டு மனுக்களின் படங்கள் வந்துவிட்டன. நேற்று மெஷின் ஒன்றைப் படித்துச் சொன்னது. யாரோ ஒரு அம்மா, தெருவுக்கு விளக்குக் கேட்டு எழுதியது. எழுதிய நாளிலிருந்து அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்றாள் மகள். நாங்கள் மூன்று பேரும் அதை இரண்டு முறை படித்தோம். அந்த அம்மாவின் எழுத்து என் எழுத்தைவிட மோசம். ஆனால் எவ்வளவு விவரமாகக் கேட்டிருக்கிறாள் தெரியுமா? எந்தத் திருப்பத்தில் கம்பம் நட வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

நீயும் தங்கச்சியும் நீண்ட ஆயுளோடும், தேய்மானம் இல்லாத முழங்காலோடும் இருக்க வேண்டும். பிள்ளைகள் எந்தத் திரையில் படித்தாலும் அதற்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல மனிதர் இருக்க வேண்டும். உன் அக்கா தன் அன்பைத் தனியாகப் போனில் சொல்லிக்கொள்வாளாம், என் தாளில் இடம் வேண்டாமாம்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
கையெழுத்துக்காரர் ஏழு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் அலுவலக அம்மா கூப்பிட்டார். நான் வயரை இழுத்து அணைத்தேனே, அப்போது பதிவும் நின்றிருக்கிறது. திரும்ப வந்தபோது அதை யாரும் போடவில்லை. ஆக, பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கும் பரீட்சையில், நான் கண்ணாடிக்கு முன்னால் வந்து "என் பொண்ணுக்காக அழகா எழுதிக் குடுத்தேன்" என்று சொல்வதோடு படம் முடிகிறது. அதற்குப் பிறகு கருப்பு. மேலிடத்தில் பார்த்தவர்கள், அப்பனும் மகளும் சேர்ந்து மோசடி செய்துவிட்டு வயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். பதிவு இல்லாத முடிவு செல்லாதாம், விதியாம். வரும் வியாழக்கிழமை முழுப் பரீட்சையும் மறுபடி நடக்கிறது. மகள் செய்தியைக் கேட்டு மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன், சிரிக்கிறாள். தாள்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாளாம், இந்த முறை கேட்பதற்கு முன்பே சொல்லிவிடப்போகிறாளாம். நெற்றி ஐயா தானே எழுதியிருக்கிறார், எழுதுவதற்கு இப்போதே இரண்டு பேனா வாங்கி வைத்துவிட்டாராம். என்னைக் கூடத்துப் பக்கமே விடாமல் மணல் குவியலில் தம்பிகளோடு உட்காரவைக்கப்போகிறாள் உன் அக்கா. ஆகவே மேலே நான் டாக்டர் என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவை. பேனாவால் இழுத்துவிடாதே. அடுத்த வாரம் எழுதுகிறேன், அதைப் படித்ததும் அழித்துவிடு.